ருத்ரபிரயாகை கார்த்திக் சுவாமி மலைக்கோயில்: போகுமுன் எழும் கேள்விகளும் பதில்களும்

கேதார்நாத், பத்ரிநாத் போய்வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, தாங்கள் போன வழிக்குப் பக்கத்திலேயே மலையுச்சியில் ஒரு முருகன் கோயில் இருந்தது ஊர் திரும்பிய பிறகுதான் தெரியவருகிறது. "அடடா, தெரிந்திருந்தால் ஏறியிருக்கலாமே" என்பார்கள். உத்தராகண்ட் மாநிலம் ருத்ரபிரயாகை மாவட்டத்தில், ஏறத்தாழ 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கார்த்திக் சுவாமி கோயில். சிறிய கோயில்தான். ஆனால் அதன் முற்றத்தில் நின்றால் வடக்கிலும் கிழக்கிலும் இமயத்தின் பனிச்சிகரங்கள் வரிசையாகத் தெரியும். அங்கே போக நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: இந்த மலைக்கு ஒரு இரவாவது ஒதுக்குங்கள். கேதார்நாத், பத்ரிநாத் உள்ளிட்ட நான்கு தலங்களுக்குப் போகும் சார்தாம் பயணத்தின் இடைவெளியில் மதியம் ஏறி மாலையில் இறங்கினால் தரிசனம் கிடைக்கும், மலை கிடைக்காது.

கோயில் சரியாக எங்கே இருக்கிறது?

ருத்ரபிரயாகையிலிருந்து போக்ரி செல்லும் சாலையில் கனக்சௌரி என்று ஒரு சிற்றூர். ருத்ரபிரயாகையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். வண்டி அதுவரைதான். அங்கிருந்து காட்டுப்பாதையில் 3 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் 40 கிலோமீட்டர் ஒன்றுமில்லாததுபோல் தெரியும். வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை அது. ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

நம்ம பழனி முருகனும் இந்தக் கார்த்திக் சுவாமியும் ஒருவர்தானா?

அவரேதான். கதையும் அதே கதையின் கிளைதான். நமக்குத் தெரிந்தபடி நாரதர் கொடுத்த ஞானப்பழத்துக்காக அண்ணனும் தம்பியும் போட்டியிட்டார்கள். விநாயகர் அம்மையப்பனை வலம் வந்து பழத்தை வாங்கிக்கொண்டார். மயிலேறி உலகைச் சுற்றி வந்த முருகன் கோபித்துக்கொண்டு பழனிமலையில் வந்து நின்றார்.

கட்வால் என்ற இந்தப் பகுதியின் மலைமக்கள் சொல்லும் கதையில் பழம் கிடையாது. முதல் பூஜை பெறும் உரிமை யாருக்கு என்பதுதான் போட்டி. தோற்ற கார்த்திகேயன் கயிலையை விட்டுக் கிளம்பி இந்த மலைக்கு வந்தார். தன் சதையைத் தாய்க்கும் எலும்பைத் தந்தைக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். உடம்பு நீங்கள் கொடுத்தது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பிள்ளைக் கோபம். அந்த எலும்புதான் கருவறையில் வெண்மையான இயற்கைப் பாறையாக இருந்து பூஜை பெறுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

பழனிக் கதையைக் கேட்டே வளர்ந்த நமக்கு இந்த முடிவு மனத்தைப் பிசையும். அங்கே கோபம் ஆண்டிக்கோலத்தில் நின்றது; இங்கே உடம்பையே துறக்கும் அளவுக்குப் போயிற்று. இரண்டு ஊரும் ஒரே பிள்ளையை நினைத்து உருகியிருக்கின்றன. ஏறும்போது இந்தக் கதை தெரிந்திருந்தால், கருவறையில் பெரிய விக்கிரகம் இல்லையே என்ற ஏமாற்றம் வராது.

மலைக்குக் கிரௌஞ்ச பர்வதம் என்று பெயர் சொல்கிறார்கள். கந்த புராணத்தில் முருகன் வேலெறிந்து பிளந்த மலையின் பெயரும் அதுவே. கர்நாடகத்தில் சண்டூர் குமாரசுவாமி கோயில் இருக்கும் மலையையும் கிரௌஞ்சகிரி என்பார்கள். எது உண்மையான கிரௌஞ்சம் என்று வாதாட வேண்டியதில்லை. குமரனை நினைத்த இடமெல்லாம் மக்கள் அந்தப் பெயரைக் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள்.

வழிபாடு நம்ம ஊர் மாதிரி இருக்குமா?

இருக்காது. அப்படி எதிர்பார்த்துப் போகவும் வேண்டாம். அடுக்கடுக்கான அபிஷேகம், ராஜ அலங்காரம், சந்தனக் காப்பு, நீண்ட தீபாராதனை, விபூதிப் பிரசாதம் ஆகியவை நம் வழக்கம். அங்கே மலைக்கிராமத்துப் பூசாரி, அவரைப் பண்டிட்ஜி என்றுதான் எல்லோரும் அழைக்கிறார்கள், நெற்றியில் திலகம் இடுவார், மந்திரம் சொல்லுவார், பிரசாதம் தருவார். அவ்வளவுதான். உங்கள் பெயர், ஊர் சொன்னால் சங்கல்பம் செய்து வைப்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்றால் அவர்களுக்கு மகிழ்ச்சி. தெற்கில் இந்தச் சுவாமிக்குத்தான் பெரிய பெரிய கோயில்கள் என்பது தெரிந்தவர்கள் அங்கே உண்டு.

இன்னொரு வித்தியாசம், அங்கே அவர் பிரம்மச்சாரி. வள்ளி தெய்வானையோடு கல்யாணக் கோலத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாக இருக்கும். வடநாட்டில் பல இடங்களில் கார்த்திகேயர் இப்படித்தான்.

திருப்புகழோ கந்தர் சஷ்டி கவசமோ சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல்லலாம். ஒரு ஓரமாக உட்கார்ந்து, மற்றவர் பூஜைக்கு இடைஞ்சல் இல்லாமல், மெல்லிய குரலில் சொல்லுங்கள். கூட்டமாகப் போய் ஒலிபெருக்கி வைத்துப் பாடுவது அந்த இடத்துக்குப் பொருந்தாது.

பெண்கள் போகலாமா? ஏதோ தடை என்று கேள்விப்பட்டேனே.

போகலாம். ஹரியானாவில் பெஹோவா என்ற ஊரில் உள்ள கார்த்திகேயர் கோயிலில் பெண்கள் உள்ளே போவதில்லை என்ற வழக்கம் உண்டு; அந்தச் செய்தியை இங்கே ஒட்டிவைத்துப் பேசுகிறார்கள். கார்த்திக் சுவாமி மலைக்குச் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் குழந்தையும் குட்டியுமாக ஏறி வருகிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது?

சென்னையிலிருந்து டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் என்று ரயில்கள் இருக்கின்றன. டெல்லியிலிருந்து ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ் வரை ரயில், பஸ், கார் எதிலும் போகலாம். பஸ் என்றால் காஷ்மீரி கேட் பஸ் நிலையம். விமானத்தில் வருபவர்களுக்கு டேராடூன் ஜாலி கிராண்ட் விமான நிலையம் ரிஷிகேஷுக்குப் பக்கம்.

உண்மையான பயணம் ரிஷிகேஷில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து ருத்ரபிரயாகை சுமார் 140 கிலோமீட்டர், பெரும்பாலும் கங்கையையும் அலக்நந்தாவையும் ஒட்டியே போகும் சாலை. சாலை திறந்திருந்தால் ஐந்து மணி நேரம். யாத்திரைக் காலத்து நெரிசலிலோ, மண் சரிந்து கிடந்தாலோ எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ரிஷிகேஷிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். இருட்டிய பிறகு மலைச்சாலையில் போகச் சொல்லி டிரைவரை வற்புறுத்தாதீர்கள்.

வழியில் தேவப்பிரயாகையில் ஒரு மணி நேரமாவது இறங்குங்கள். பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்து கங்கை என்று பெயர் பெறும் இடம். நீரின் நிறம் இரண்டாகப் பிரிந்து தெரிவதைப் படித்துறையில் நின்று பார்க்கலாம். அங்கே இருக்கும் ரகுநாதர் கோயில்தான் பெரியாழ்வார் 'கண்டமென்னும் கடிநகர்' என்று பாடிய திவ்யதேசம், 108-இல் ஒன்று. தமிழ்ப் பாசுரம் பெற்ற தலத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும்.

ருத்ரபிரயாகையில் மந்தாகினி வந்து அலக்நந்தாவோடு சேர்கிறது. கேதார்நாத்துக்கு மந்தாகினிக் கரையோடும், பத்ரிநாத்துக்கு அலக்நந்தாக் கரையோடும் பாதை பிரிகிறது. கனக்சௌரி போகும் சாலை இரண்டையும் விட்டு மேலே மலைமேல் ஏறுகிறது. ருத்ரபிரயாகையிலிருந்து ஷேர் ஜீப்கள் உண்டு. ஆள் சேர்ந்தால்தான் கிளம்புவார்கள், மாலையில் கிடைப்பது சிரமம். நான்கைந்து பேர் என்றால் தனி வண்டி பேசிக்கொள்வதே நல்லது.

சார்தாம் யாத்திரைப் பதிவு இதற்கும் வேண்டுமா?

அந்தப் பதிவு யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் ஆகிய நான்கு தலங்களுக்கானது. கார்த்திக் சுவாமி அதில் சேராது. இரண்டையும் சேர்த்துத் திட்டமிடுபவர்கள் மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

சிகரங்களைப் பார்ப்பதுதான் முதல் ஆசை என்றால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய. மழை ஓய்ந்து காற்றில் தூசி அடங்கியிருக்கும். வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மலையில் விழாவும் நடக்கும். பௌர்ணமி இரவில் நிலா வெளிச்சத்தில் பனிமலைகள் தெரிவதைப் பார்க்க வாய்த்தால் அது கொடுப்பினைதான்.

மார்ச் கடைசியும் ஏப்ரலும் இன்னொரு அழகு. புராஞ்ச் என்று அவர்கள் சொல்லும் மரம் பூக்கும் காலம். உத்தராகண்டின் மாநில மரம் அது. நீலகிரிச் சோலைகளில் நிற்கும் ரோடோடென்ட்ரான் இதன் உறவுதான். கோயிலுக்கு ஏறும் காட்டுப்பாதையில் கிளையெல்லாம் இரத்தச் சிவப்பாகப் பூத்து, கீழே பாதையிலும் உதிர்ந்து கிடக்கும். செந்நிறத்தவனுக்கு அந்தக் காடே பூப்போடுகிறது என்று நினைத்துக்கொண்டு நடப்பேன்.

ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் ஒரு சிக்கல் உண்டு. கீழ்மலைகளில் இருக்கும் சீர் பைன் மரங்களின் காய்ந்த ஊசியிலைகள் எளிதில் தீப்பற்றிக்கொள்ளும். காட்டுத்தீப் புகையும் சமவெளியிலிருந்து ஏறிவரும் தூசியும் சேர்ந்தால் பத்து நாள் தொடர்ந்துகூடச் சிகரங்கள் மறைந்துபோகலாம். பள்ளி விடுமுறை என்பதால் நம்மவர் பெரும்பாலும் போவது அந்த மாதத்தில்தான். போகக்கூடாது என்று சொல்லவில்லை. ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை கிடைத்தால் மே மாதத்திலும் வானம் திறக்கும். அதற்காகத்தான் கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பாதி வரை வேண்டாம். நிலச்சரிவில் சாலை அடைபடும். காட்டுப்பாதையில் அட்டை ஏறும். மலையே மேகத்துக்குள் இருக்கும். 2013 ஜூன் வெள்ளத்தில் மந்தாகினிப் பள்ளத்தாக்கு பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். மழைக்கால இமயத்தோடு விளையாட்டு கூடாது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி. கேதார்நாத், துங்கநாத் போல முறைப்படி நடையடைத்து உற்சவமூர்த்தியைக் கீழே கொண்டுபோகும் வழக்கம் இங்கே இல்லை. பாதை திறந்திருந்தால் குளிர்காலத்திலும் ஏறலாம். ஆனால் பனி உறைந்து கண்ணாடியாகிக் கிடக்கும் படியில் நடந்து பழக்கமில்லாதவர்கள் உள்ளூர்த் துணையோடு மட்டுமே போகவேண்டும்.

ஏறுவது கஷ்டமா? அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

பழனிப் படியை நிதானமாக உட்கார்ந்து எழுந்து ஏறக்கூடியவர்களால் இதையும் ஏற முடியும் என்பது என் கணிப்பு. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு, உயரம். பழனி சமவெளியை ஒட்டிய குன்று. இங்கே நீங்கள் நிற்பது ஊட்டி தொட்டபெட்டாவைவிட 400 மீட்டர் உயரத்தில். தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். 3,050 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடு. நாலு படி வேகமாக ஏறினாலே மூச்சு வாங்கும். அது நோயல்ல, நின்று மூச்சு விட்டுவிட்டு ஏறினால் சரியாகும். தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மட்டும் மேலே போகாமல் இறங்கிவிட வேண்டும்.

முந்தின இரவு கனக்சௌரியில் தங்கினால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். ரிஷிகேஷின் வெயிலிலிருந்து ஒரே நாளில் உச்சிக்கு ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல். நெஞ்சுவலி, ஆஸ்துமா, அதிக இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிளம்புமுன் தங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பக்கத்தில் பெரிய மருத்துவமனை கிடையாது.

பாதையைப் பற்றிச் சொல்கிறேன். கனக்சௌரியில் டீக்கடைகளுக்குப் பக்கத்தில் நுழைவாயில். உள்ளே போனதும் அடர்ந்த காடு. புராஞ்ச் மரமும், பாஞ்ச் என்கிற கருவாலி மரமும், அடிமரமெல்லாம் பாசி. ஏற்றம் மெதுவாகத்தான் தொடங்கும். பாதி தூரத்துக்குமேல் செங்குத்து கூடும். பிறகு காடு விலகி மலைமுதுகின் மேல் வந்துவிடுவீர்கள். பூசாரிகள் தங்கும் கட்டடங்கள் அங்கேதான். அங்கிருந்து கோயிலுக்குச் சுமார் 80 படிகள். கத்தியின் முதுகு போன்ற குறுகலான மேடு. இரு பக்கமும் பள்ளம். உயரத்தைக் கண்டால் தலைசுற்றுபவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பார்வையைப் படியிலேயே வைத்து ஏறுங்கள். கோயில் அந்த மேட்டின் நுனியில். அதற்கப்பால் நிலம் இல்லை, ஆகாயம்தான்.

ஏற ஒன்றரை மணி முதல் இரண்டரை மணி நேரம். இறங்க அதில் பாதி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கம்தான் சோதனை. ஒரு கைத்தடி பெரிய உதவி.

சூரியோதயம் பார்க்க எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

மே, ஜூனில் ஐந்தேகால் வாக்கில் உதயம். அப்படியானால் மூன்று மணிக்கே ஏறத் தொடங்க வேண்டும். நவம்பரில் ஆறரை, டிசம்பர், ஜனவரியில் ஏழு தாண்டிவிடும். உதயத்துக்கு அரை மணி முன்பே மேலே இருப்பதுபோல் கணக்குப் போடுங்கள். சூரியன் எழும் நொடியைவிட அதற்கு முந்தின அரை மணிதான் அதிசயம். பள்ளத்தாக்கெல்லாம் இருட்டாக இருக்கும்போதே சௌகம்பா சிகரத்தின் தலையில் மட்டும் இளஞ்சிவப்பு விழும். பிறகு பக்கத்துச் சிகரம், அதற்கடுத்தது. நிறம் சிவப்பிலிருந்து பொன்னாகி, பொன்னிலிருந்து வெள்ளையாகிவிடும். எட்டு, ஒன்பது மணிக்குமேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் கிளம்பி மூட ஆரம்பிக்கும். மதியம் ஏறியவர்கள் "ஒன்றும் தெரியவில்லையே" என்று இறங்குவது இதனால்தான்.

இருட்டில் தனியாக ஏறாதீர்கள். சிறுத்தையும் கரடியும் நடமாடும் காடு அது. பயமுறுத்தச் சொல்லவில்லை, மலைமக்களே இருட்டில் துணையோடுதான் நடக்கிறார்கள். குழுவாகச் சேர்ந்து, பேசிக்கொண்டே, ஆளுக்கொரு டார்ச்சோடு ஏறுங்கள். தலையில் மாட்டும் விளக்கு இருந்தால் கை இரண்டும் காலியாக இருக்கும். முந்தின மாலையே விடுதிக்காரரிடம் சொல்லிவைத்தால் ஊர்ப்பையன் யாராவது வழிகாட்டியாக வருவான். உரிய கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மேலிருந்து எந்தெந்தச் சிகரங்கள் தெரியும்?

நேர் வடக்கே கேதார்நாத் சிகரம், 6,940 மீட்டர். கேதார்நாத் கோயிலுக்குப் பின்னால் வெண்சுவராக எழுந்து நிற்குமே, அதேதான். அதற்குக் கொஞ்சம் வலப்பக்கம், வடகிழக்கில், நான்கு முகடுகளோடு அகன்று நிற்பது சௌகம்பா, 7,138 மீட்டர். முதல்முறை பார்ப்பவர்கள் அதை வைத்துத்தான் திசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு பெரிய உருவம். இன்னும் வலப்பக்கம் திரும்பினால் துரோணகிரி, 7,066 மீட்டர். அனுமன் மருந்துமலையைப் பெயர்த்தது அங்கிருந்துதான் என்று அந்தப் பக்கத்து ஊரார் சொல்வார்கள். நேர் கிழக்கே தூரத்தில் திரிசூல், 7,120 மீட்டர். அதையொட்டி நந்தா தேவி, 7,816 மீட்டர். முழுக்க முழுக்க இந்திய எல்லைக்குள் இருக்கும் சிகரங்களில் மிக உயர்ந்தது நந்தா தேவிதான். இடக்கோடியில், வடமேற்கே, தெளிந்த நாளில் பந்தர்பூஞ்ச்.

மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் நேர் கிழக்கே எழும் என்பதால் நந்தா தேவிப் பக்கத்திலிருந்தே உதிக்கும். குளிர்காலத்தில் தெற்கே தள்ளி உதிக்கும்போது வெளிச்சம் வடக்குச் சிகரங்களின் முகத்தில் நன்றாக விழும். படம் எடுப்பவர்களுக்கு அது நல்ல காலம்.

எந்தச் செயலியையும் திறக்காமல் முதலில் ஒரு கால் மணி நேரம் வெறுமனே பாருங்கள். பெயர்களைப் பிறகு பண்டிட்ஜியிடம் கேட்டால் அவரே விரல் நீட்டிச் சொல்லுவார். தினமும் அந்த மலைகளைப் பார்த்தே விடிகிறவர் அவர்.

மணிகள் நிறையத் தொங்குமாமே?

ஆமாம். நுழைவாயிலிலிருந்து கோயில் வரை, படியோரக் கம்பிகளிலும் வளைவுகளிலும், உள்ளங்கை அளவு மணியிலிருந்து இரண்டு ஆள் சேர்ந்து தூக்கவேண்டிய மணி வரை கட்டியிருக்கிறார்கள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் கட்டுவது. பலவற்றில் கட்டியவர் பெயரும் ஊரும் தேவநாகரியில் பொறித்திருக்கும். பழையவை பச்சை பூத்துப் போயிருக்கும். சிவப்புத் துணி வெயிலிலும் பனியிலும் நைந்து நூலாகியிருக்கும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் சிறிய மணிகள் தாமாகவே ஒலிக்கும்.

நீங்களும் கட்டலாம். ஹரித்வார், ரிஷிகேஷ் பாத்திரக்கடைகளில் நல்ல பித்தளை மணி கிடைக்கும். நேர்த்திக்கடன் என்றால் மணியை வாங்கி, பண்டிட்ஜியிடம் கொடுத்துப் பூஜையில் வைத்து, அவர் காட்டும் இடத்தில் கட்டுங்கள். மரக்கிளையில் நீங்களாகக் கட்ட வேண்டாம், கிளை ஒடிகிறது.

எங்கே தங்குவது? சாப்பாடு?

கனக்சௌரியில் எளிய விடுதிகளும் வீட்டோடு சேர்ந்த அறைகளும் கிடைக்கின்றன. கம்பளிப் போர்வை, வாளியில் வெந்நீர், சூடான ரொட்டி கிடைத்தால் போதும் என்பவர்களுக்குக் குறையில்லை. மேலே கோயிலுக்குக் கீழே பூசாரிகள் இருக்கும் இடத்திலும் தங்க அறைகள் உண்டு. மிக எளிமையானவை, குளிர் அதிகம், தண்ணீர் சிக்கனம். தங்க முடிந்தால் மாலை ஆரத்தி, இரவு வானம், விடியல் மூன்றும் ஏறி இறங்கும் அவசரமில்லாமல் கிடைக்கும். என்னைக் கேட்டால் உடல்நலம் இடம்கொடுப்பவர்கள் மேலேயே ஒரு இரவு தங்க முயல வேண்டும். விழா நாட்களில் இடம் கிடைக்காது.

சாப்பாடு சைவம்தான். ராஜ்மா சாதம், ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு, எங்கும் கிடைக்கும் மேகி. ஆனால் கேட்டால் வீட்டுச் சமையலும் செய்து தருவார்கள். மண்டுவா ரொட்டி என்பது நம் கேழ்வரகு ரொட்டிதான். கஹத் பருப்பு என்பது கொள்ளு. ஜங்கோரா என்பது குதிரைவாலி. அதில் பால் ஊற்றிக் கீர் செய்வார்கள். நம் பாட்டிமார் சமைத்த தானியங்களே ஐந்து டிகிரி குளிரில் அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெய்யோடு கிடைக்கும்போது வேறு எதுவும் கேட்கத் தோன்றாது. புராஞ்ச் பூவில் செய்த சர்பத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை மலைப்பெண்கள் செய்து விற்கிறார்கள். அந்தக் காசு அவர்கள் வீட்டுக்குப் போகும்.

இட்லி, சாம்பார் இல்லாமல் முடியாது என்பவர்கள் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எடுத்துப்போங்கள். சாதம் எங்கும் கிடைக்கும்.

என்ன எடுத்துப்போக வேண்டும்?

கோடையிலும் விடியற்காலைக் குளிர் கடுமை. காற்று அதைவிடக் கடுமை. ஸ்வெட்டருக்குமேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், காதை மூடும் குல்லாய், கையுறை. நல்ல பிடிமானமுள்ள ஷூ. செருப்பில் ஏறுபவர்களைப் பார்த்திருக்கிறேன், ஈரப்பாசியில் வழுக்கும். பலரும் மறந்துபோவது, ஒரு ஜோடி தடித்த கம்பளிச் சாக்ஸ். கோயில் முற்றத்தில் காலணியைக் கழற்றிவிட்டு உறைந்த கல்லின்மேல் நிற்கவேண்டியிருக்கும். இரண்டு நிமிடத்தில் பாதம் மரத்துவிடும், சாமி கும்பிடும் மனம் போய்க் காலைப் பற்றிய நினைப்பே வரும்.

ரொக்கம் ருத்ரபிரயாகையிலேயே எடுத்துவிடுங்கள். மேலே கைப்பேசி சிக்னல் சில இடங்களில் கிடைக்கும், சில இடங்களில் கிடைக்காது. கைப்பேசியை நம்பிப் பணம் கட்ட நினைக்க வேண்டாம். குடிதண்ணீரைக் கீழிருந்தே கொண்டுபோக வேண்டும். காலி பாட்டிலையும் பிஸ்கட் உறையையும் பையில் போட்டுக் கீழே கொண்டுவந்து சேருங்கள். மேலே குப்பை வண்டி வராது. எறிவது அந்தச் சரிவிலேயே கிடக்கும், அடுத்த மழையில் கிராமத்துச் சுனைக்குப் போகும்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கோயிலுக்கும் வேறு தொடர்பு உண்டா?

2024 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து சிவாச்சாரியர்கள் அங்கே போய் 108 வலம்புரிச் சங்கு பூஜை நடத்தினார்கள். உத்தராகண்ட் சுற்றுலாத் துறையும் முன்னின்று செய்தது. அதன்பிறகு நம்மவர் வருகை கூடியிருக்கிறது. வரவேற்கத்தக்கதுதான். கேதார்நாத்தின் ராவல் (தலைமைப் பூசாரி) கர்நாடகத்து வீரசைவ மரபிலிருந்தும், பத்ரிநாத்தின் ராவல் கேரளத்து நம்பூதிரி மரபிலிருந்தும் வருவது நெடுநாள் வழக்கம். தெற்குக்கும் இந்த மலைகளுக்கும் உறவு புதிதல்ல.

ஒரு வேண்டுகோள் மட்டும். இது அந்த மலைக்கிராமங்களின் குலதெய்வம் போன்ற சாமி. விளைச்சலுக்கும் மழைக்கும் கல்யாணத்துக்கும் அவர்கள் கேட்டு நிற்கும் சந்நிதி. "எங்கள் முருகன், நீங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை" என்ற தொனி நம்மிடம் வந்துவிடக் கூடாது. அவர்கள் முறையில் அவர்கள் கும்பிடட்டும். நம் பாட்டை நாம் பாடிக்கொள்வோம்.

சேர்த்துப் பார்க்க வேறு இடங்கள்?

உத்தராகண்டிலுள்ள ஸ்ரீநகருக்கும் (காஷ்மீர் ஸ்ரீநகர் அல்ல) ருத்ரபிரயாகைக்கும் இடையே அலக்நந்தாவின் நடுவே தாரி தேவி கோயில். ருத்ரபிரயாகைக்கு அருகே ஆற்றங்கரைக் குகையில் கோடேஷ்வர் மகாதேவர். மந்தாகினிப் பக்கம் போனால் ஊக்கிமட். குளிர்காலத்தில் கேதார்நாதர் எழுந்தருளும் ஓம்காரேஷ்வர் கோயில் அங்கே. நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு சோப்தா வழியாகத் துங்கநாத், 3,680 மீட்டர். கார்த்திக் சுவாமியில் உடம்பைப் பழக்கிவிட்டுத் துங்கநாத் ஏறினால் எளிதாக இருக்கும்.

எத்தனை நாள் வேண்டும்?

ரிஷிகேஷிலிருந்து ரிஷிகேஷ் திரும்ப மூன்று நாள். முதல் நாள் கனக்சௌரி சேர்ந்து ஓய்வு. இரண்டாம் நாள் விடியலுக்குமுன் ஏற்றம், தரிசனம், இறங்கிவந்து அங்கேயே தங்கல். மூன்றாம் நாள் திரும்புதல். இரண்டாம் நாள் மேகம் மூடியிருந்தால், மூன்றாம் நாள் விடியலில் மறுபடி ஏறிவிட்டு இறங்கியதும் கிளம்பலாம். அந்த இரண்டாவது வாய்ப்புக்காகவே இரண்டாம் இரவையும் அங்கே வைக்கச் சொல்கிறேன். டெல்லி ரயிலுக்கோ விமானத்துக்கோ திரும்பும் நாளை ஒட்டி டிக்கெட் போடாதீர்கள். சாலை அடைபட்டால் ஒரு நாள் போய்விடும்.

இரண்டு நாளும் மேகம் மூடியே இருந்தால்?

இருக்கலாம். அப்போதும் ஏறுங்கள். சிகரம் தெரியாத காலையில் கூட்டம் இருக்காது. பண்டிட்ஜிக்கும் பேச நேரம் இருக்கும். ஊர்க்கதை, பனி விழுந்த வருஷத்துக் கதை எல்லாம் அப்போதுதான் வரும். கருவறைமுன் அவசரமில்லாமல் உட்காரலாம், கவசத்தை முழுதாகச் சொல்லலாம். இறங்கும்போது காட்டில் மெல்ல நடந்தால் பறவைகளும் கண்ணில் படும். சிகரம் பார்க்க இன்னொரு நவம்பரில் வாருங்கள்.